ஒட்டியதைப் பிரிக்காதே

அரக்கோணம்,
8.6.2025

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. நான் சௌக்கியம். கத்திரி முடிந்து பத்து நாளாகியும் மொட்டை மாடியில் காலை வைக்க முடியவில்லை. வடாம் மட்டும் ஒரே நாளில் காய்ந்துவிடுகிறது. இந்த வெயிலுக்கு அந்த ஒரு நல்ல குணம்.

முந்தாநாள் போனில் கேட்டாயே, "ஸ்கிரீனைப் பாத்துப் பாத்துக் கண்ணு எரியுதும்மா, ராத்திரி படிக்கிற மாதிரி நல்ல புக் ஒண்ணு சொல்லேன்" என்று. நான் பேர் சொல்லாமல் "அனுப்பறேன்" என்றதும் உனக்குக் கோபம் வந்துவிட்டது. பேரைச் சொன்னால் நீயே வாங்கிக்கொள்வாய், தெரியும். ஆனால் இந்தப் புத்தகத்தின் பேரை எங்கே போட்டுத் தேடினாலும், நாலு வரிக்குள் எவனாவது கொலைகாரன் யாரென்று உளறி வைத்திருப்பான். அதனால்தான் வாயை மூடிக்கொண்டேன். இதோ, புத்தகமே வருகிறது. கூரியரில் இல்லை, தபாலில். தாத்தா வாங்கின புத்தகத்தைக் கூரியரில் அனுப்பினால் அவர் என் கனவில் வந்து கேள்வி கேட்பார்.

மேலட்டை எப்போதோ போய்விட்டது. தாத்தா காலண்டர் தாளைத் திருப்பிப் போட்டு அட்டை போட்டிருப்பார். அதன்மேல் அவர் கையெழுத்தில் பேர் இருக்கும்: 'தி மர்டர் ஆஃப் ரோஜர் அக்ராய்ட்', எழுதியவர் அகதா கிறிஸ்டி. பக்கங்கள் பழுப்பேறி, ஓரம் உதிர்கிற பதத்தில் இருக்கின்றன. படுத்துக்கொண்டு படிக்காதே, மேலே கொட்டும். உள்ளே இரண்டு இடத்தில் வெள்ளைத் தாள் ஒட்டியிருக்கும். முதல் பக்கத்தில் ஒன்று, கொஞ்சம் தள்ளி ஒரு பக்கத்தின் ஓரத்தில் ஒன்று. அதை மட்டும் பிரிக்காதே. ஏன் என்று சொல்லத்தான் இவ்வளவு நீளக் கடிதம்.

நீ பார்த்த தாத்தா, பனியனோடு செம்பருத்திக்குத் தண்ணீர் ஊற்றுகிற தாத்தா. என் அப்பா வேறு ஆள். ரயில்வே தபால் பிரிவான ஆர்.எம்.எஸ்.ஸில் சார்ட்டர். ஓடுகிற மெயில் வண்டியில், தபால் பெட்டியில், ராத்திரி முழுக்க நின்றுகொண்டே வேலை. எதிரே புறாக்கூடு மாதிரி நூற்றுக்கணக்கில் அறைகள் இருக்கும். இடது கையில் கடிதக் கட்டைப் பிடித்துக்கொண்டு, வலது கையால் ஒவ்வொன்றாக அந்தந்த ஊரின் அறையில் வீச வேண்டும். அடுத்த ஜங்ஷன் வருவதற்குள் கட்டுக் கட்டி, பையில் போட்டு, சணலால் இறுக்கி, அரக்கு வைத்தாக வேண்டும். பின்கோடு வந்ததே 1972 ஆகஸ்டு 15-ல்தான். அதற்கு முன்னால் எந்தக் கிராமம் எந்தத் தபால் ஆபீஸின் கீழ் வருகிறது, எந்த வண்டியில் போனால் சீக்கிரம் போகும் என்பதெல்லாம் மண்டையில் இருக்க வேண்டும். "நம்பர் வந்துச்சு, மூளைக்கு லீவு விட்டாச்சு" என்று கடைசிவரை குறைபட்டுக்கொண்டார்.

இரண்டு ராத்திரி வண்டியில் இருப்பார், திரும்பி வந்து பகலெல்லாம் தூங்குவார். அவர் கையில் அரக்கு வாசனை போகவே போகாது. அவர் தூங்கும்போது உன் ஆயா எங்களை மூச்சுவிடக்கூட விடமாட்டாள். விழித்திருக்கும்போதும் பேச்சு குறைவுதான். "சாப்டியா", "மார்க் ஷீட் எங்க", "விளக்கை அணை". என் பதினேழு வயது வரைக்கும் எனக்கும் அப்பாவுக்கும் நடந்த உரையாடலை ஒரு இன்லேண்ட் லெட்டரில் எழுதிவிடலாம், ஓரத்தில் இடமும் மிச்சமிருக்கும்.

அவருக்கு இருந்த ஒரே செலவு மூர் மார்க்கெட். சென்ட்ரல் ஸ்டேஷனை ஒட்டினாற்போலச் செங்கல் கட்டடம், 1900-ல் திறந்தது. காலையில் வண்டியை விட்டு இறங்கி, தபால் பைகளைக் கணக்குக் காட்டி ஒப்படைத்ததும், அடுத்த வண்டிக்கு நேரம் இருந்தால் நேரே அங்கே போய்விடுவார். பழைய புத்தகம் குவித்து வைத்திருப்பார்கள். முகத்தைப் பார்த்து விலை சொல்வார்கள், அரக்குக் கையைப் பார்த்துக் குறைப்பார்கள் என்பது அப்பாவின் நம்பிக்கை.

1985. நான் பிளஸ் டூ பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் இருக்கிறேன். தமிழ் மீடியம். படிக்கிற பைத்தியம் மட்டும் முற்றியிருந்தது. பக்கத்து வீட்டு அக்கா குமுதத்தில் வந்த கணேஷ் வசந்த் கதைகளை வாராவாரம் கிழித்துச் சேர்த்து பைண்டு பண்ணி வைத்திருப்பாள். அதை முடித்துவிட்டு மாலைமதி, அதையும் முடித்துவிட்டுத் தமிழ்வாணன். சங்கர்லால் டீ குடித்தால் எனக்கும் டீ வேண்டும். சுவால்பேட்டை வாடகை வீட்டின் நடையில், தையல் மெஷின் பக்கத்தில்தான் உட்கார்ந்து படிப்பேன். அங்கேதான் காற்று வரும்.

ஒரு மத்தியானம் அப்பா தூங்கி எழுந்து வந்தார். என்னைப் பார்த்தார், கையில் இருந்ததைப் பார்த்தார். உள்ளே போய் ஒரு புத்தகத்தை எடுத்து வந்து தையல் மெஷின்மேல் வைத்தார்.

"தினம் ஒரு கொலை படிக்கிற. இதையும் படி."

புரட்டினேன். "இங்கிலீஷ்ப்பா."

"கொலை எந்த பாஷைல பண்ணாலும் கொலைதான். ரெண்டு விஷயம். கடைசிப் பக்கத்தை மொதல்ல பாக்கக் கூடாது. ஒட்டினதைப் பிரிக்கக் கூடாது."

இவ்வளவுதான் சிபாரிசு. கதை என்ன, ஏன் நல்லாயிருக்கும், ஒரு வார்த்தை கிடையாது. முகம் கழுவப் போய்விட்டார்.

நான் முதலில் பார்த்தது ஒட்டினதைத்தான். யாராயிருந்தாலும் அதைத்தானே பார்ப்பார்கள்? தபால் ஆபீஸில் ஸ்டாம்பு ஷீட்டைக் கிழித்தபின் ஓரத்தில் ஒரு வெள்ளைப் பட்டை மிஞ்சும், பின்பக்கம் பசையோடு. அந்த நாளில் எங்கள் வீட்டில் கிழிந்த நோட்டு, நோட்டுப் புத்தகம், விசிறி ஓரம் எல்லாவற்றுக்கும் அதுதான் மருந்து. அதைத்தான் வெட்டி ஒட்டியிருந்தார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். அடியில் ஏதோ எழுத்து இருப்பது தெரிந்தது, என்ன என்று தெரியவில்லை.

படிக்க ஆரம்பித்தேன். லிப்கோ டிக்‌ஷனரி ஒரு பக்கம், நாற்பது பக்க நோட்டு ஒரு பக்கம். முதல் நாள் மூன்று பக்கம். பட்லர் என்றால் துரை வீட்டுச் சமையல்காரர் என்றுதான் நினைத்தேன், நம் ஊரில் அப்படித்தானே சொல்வார்கள். கதையில் அவர் சமைக்கவே இல்லை, கதவு திறப்பதும் தட்டு ஏந்துவதுமாக இருந்தார். வெரோனல் என்ற வார்த்தை லிப்கோவில் இல்லை. அப்பா கம்பவுண்டர் சிநேகிதர் ஒருவரிடம் கேட்டு வந்து, தூக்க மருந்து, அளவு கூடினால் எழுந்திருக்க மாட்டார்கள் என்றார். கம்பவுண்டர் ஒரு மாதிரியாகப் பார்த்தாராம். கிறிஸ்டியே முதல் உலகப் போர் சமயத்தில் டார்க்கி ஊர் ஆஸ்பத்திரியில் மருந்து கலக்கிக் கொடுத்தவர்தான். அவர் கதைகளில் விஷம் அளவோடு வருவதற்கு அதுதான் காரணம் என்று பின்னால் தெரிந்துகொண்டேன்.

கதையின் தொடக்கத்தை மட்டும் சொல்கிறேன், பயப்படாதே. கிங்ஸ் அபட் என்று ஒரு கிராமம். பெரிய வீடு இரண்டே இரண்டு. ஒரு வீட்டுப் பணக்கார விதவை, திருமதி ஃபெரர்ஸ், வியாழக்கிழமை ராத்திரி வெரோனல் அதிகமாகி இறந்துபோகிறாள். ஊர் டாக்டர் ஷெப்பர்ட்தான் போய்ப் பார்க்கிறார், அவர்தான் நமக்குக் கதை சொல்கிறார். வெள்ளிக்கிழமை ராத்திரி இன்னொரு பெரிய வீட்டுக்காரர் ரோஜர் அக்ராய்ட் தன் அறையில் குத்துப்பட்டுக் கிடக்கிறார். இதற்கு நடுவில் ஒரு கடிதம். தன்னை மிரட்டிப் பணம் பறித்தது யார் என்று அந்த விதவை சாவதற்கு முன் அக்ராய்டுக்கு எழுதிப் போட்ட நீலக் கவர். சாயங்காலத் தபாலில் வந்து சேருகிறது. அக்ராய்ட் பிரித்துப் பாதி படிக்கிறார். மீதியைத் தனியாக இருக்கும்போது படிக்கிறேன் என்று நிறுத்திவிடுகிறார். அப்புறம் கடிதத்தைக் காணோம்.

இந்த இடத்தை நான் படித்து முடித்த அன்று அப்பா தானாக வாயைத் திறந்தார். எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, கையில் மோர் டம்ளர்.

"பாத்தியா, மறுநாள் சாயங்காலமே டெலிவரி. தபால் டிபார்ட்மெண்ட் தன் வேலையைச் செஞ்சுடுச்சு. வந்த லெட்டரை அப்பவே முழுசாப் படிக்காதது யார் தப்பு?"

அன்றைக்கு ஆரம்பித்தது பேச்சு. அவர் வண்டியிலிருந்து திரும்பி வரும்போதெல்லாம், "எந்தப் பக்கம்?" என்பார். நான் பக்க எண்ணைச் சொல்வேன். "யார் மேல சந்தேகம்?" நான் ஒரு பேர் சொல்வேன். "ஏன்?" காரணம் சொல்வேன். "ம்" என்பார். ஆமாம் என்றும் சொல்லமாட்டார், இல்லை என்றும் சொல்லமாட்டார். அந்த 'ம்'மில் ஏதாவது தெரிகிறதா என்று ஆராய்ந்தே எனக்குப் பாதிப் பொழுது போயிற்று.

துப்பறிகிறவர் பெல்ஜியத்துக்காரர். வேலை எல்லாவற்றையும் விட்டுவிட்டு அந்தக் கிராமத்தில் டாக்டர் வீட்டுக்கு அடுத்த வீட்டில் காய் பயிரிடுகிறார். வெஜிடபிள் மேரோ என்று ஒரு காய். லிப்கோ என்னவோ சொல்லிற்று, எனக்குப் பிடிபடவில்லை. அப்பா, "சுரைக்காய்க்கு ஒண்ணுவிட்ட அண்ணன்னு வெச்சுக்கோ" என்றார். ஒரு கட்டத்தில் வெறுத்துப்போய் அந்தக் காயைத் தூக்கி அவர் மதிலுக்கு மேலே வீச, அது டாக்டர் பக்கத்தில் வந்து விழுகிறது. மகா துப்பறியும் நிபுணர் கதைக்குள் நுழைகிற அழகைப் பார்! அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அவர் பேர் சுரைக்காய்க்காரர். உண்மையான பேரை நாங்கள் இரண்டு பேரும் பாய்ராட் என்றே படித்தோம். ப்வாரோ என்று சொல்ல வேண்டும் என்று காலேஜில் ஒருத்தி திருத்தினாள். அந்தக் கிராமத்திலும் அவர் பேரை யாரும் சரியாகச் சொல்வதில்லை, அதனால் எனக்கு வெட்கமாக இல்லை.

இனி உன் ஆயா விஷயத்துக்கு வருகிறேன். டாக்டருக்கு ஒரு அக்கா, கரோலின். வீட்டைவிட்டு நகராமலே ஊரில் நடப்பது அத்தனையும் அவளுக்குத் தெரியும். பால்காரன், வேலைக்காரி, அவர்கள் வழியாக எல்லாம் அவள் காலடியில் வந்து விழும். டாக்டர் போய்ப் பார்த்துவிட்டு வருவதற்குள் செத்தது யார், எதனால் என்று அவளுக்குச் சேதி வந்திருக்கும். நான் இதைப் படித்துவிட்டுத் தலையைத் தூக்கினால், எதிரே ஆயா திண்ணையில் உட்கார்ந்து கீரைக்காரியிடம் தெருக்கோடி வீட்டுச் சீமந்தம் ஏன் தள்ளிப்போச்சு என்று விசாரித்துக்கொண்டிருக்கிறாள். நானும் அப்பாவும் ஒரே சமயத்தில் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். பிறகு ஆயா எதையாவது மோப்பம் பிடித்துச் சொல்லும்போதெல்லாம் அப்பா மெதுவாக, "கரோலின்" என்பார். நான் சிரிப்பேன். நாலு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு ஆயா என்னை அடுக்களைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினாள். "யாருடி அவ கரோலின்? ஆபீஸ்ல இருக்காளா?"

கரோலின் பாத்திரம் எழுதியவருக்கே செல்லம். மிஸ் மார்ப்பிள் என்று பின்னால் ஒரு கிழவியைப் படைத்தாரே, அவளுக்கு விதை கரோலினாக இருக்கலாம் என்று கிறிஸ்டி தன் சுயசரிதையில் சொல்லியிருக்கிறார். 1928-ல் இந்த நாவலை 'அலிபி' என்று நாடகமாகப் போட்டார்கள். கரோலினைத் தூக்கிவிட்டு அந்த இடத்தில் ஒரு இளம் பெண்ணைப் போட்டார்களாம், கிறிஸ்டிக்கு அதில் ரொம்ப வருத்தம். எனக்கும்தான். ஆயாவை எடுத்துவிட்டு நம் வீட்டுக் கதையை எவனாவது நாடகம் போட்டால் விடுவோமா?

இன்னொரு இடமும் அப்பாவுக்குப் பிடிக்கும். சுரைக்காய்க்காரர் எல்லோரையும் மேஜையைச் சுற்றி உட்காரவைத்து, உங்களில் ஒவ்வொருவரும் என்னிடம் எதையோ மறைக்கிறீர்கள் என்று முகத்துக்கு நேரே சொல்லுவார். "எந்த வீட்லயும் அதைத் தைரியமாச் சொல்லலாம்" என்றார் அப்பா. அவருக்கு என்ன தெரியும் என்று தெரியவில்லை, நான் அன்றைக்குத்தான் பட்டையின் ஒரு மூலையை நகத்தால் கொஞ்சம் கிளப்பிவிட்டு, பயந்துபோய் மறுபடி எச்சில் தொட்டு ஒட்டியிருந்தேன். இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை.

கடைசி ஐம்பது பக்கம் ஒரே ராத்திரியில் படித்தேன். டிக்‌ஷனரியைத் தொடவே இல்லை. நடுவில் கரண்டு போய், சிமினி விளக்கை ஏற்றிக்கொண்டேன். முடித்தபோது மணி இரண்டு. பாப்பா, அந்த நிமிஷம் எப்படி இருந்தது என்று எனக்கு இப்போதும் எழுதத் தெரியவில்லை. உடம்பு குளிர்ந்துவிட்டது. எழுந்து யாரையாவது உலுக்கிச் சொல்ல வேண்டும். ஆயாவுக்குச் சொன்னால் புரியாது. சொல்ல வேண்டிய ஒரே ஆள் பெங்களூர் மெயிலில் எங்கேயோ நின்றுகொண்டு கடிதம் வீசிக்கொண்டிருக்கிறார். வீட்டில் போன் கிடையாது. இருந்தாலும் ஓடுகிற வண்டிக்கு எப்படிப் பேசுவது? அவர் வர இன்னும் இரண்டு நாள். அந்த இரண்டு நாளும் நான் சரியாகச் சாப்பிடவில்லை, பரீட்சை ரிசல்ட்டுக்குப் பயப்படுகிறேன் என்று ஆயா சுற்றிப் போட்டாள்.

அப்பா கேட்டைத் திறக்கும்போதே ஓடினேன். "ஏமாத்திட்டாப்பா! அந்தம்மா ஏமாத்திட்டா!"

அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். தண்ணீர் குடித்தார்.

"எந்தப் பக்கத்துல?"

"என்ன எந்தப் பக்கத்துல?"

"எந்தப் பக்கத்துல பொய் எழுதியிருக்கா, எடுத்துக் காட்டு. மறுபடி படிச்சுப் பாத்துட்டுச் சொல்லு."

ரோஷத்தோடு மறுபடி முதல் பக்கத்திலிருந்து ஆரம்பித்தேன், கையில் பென்சிலோடு. ஒரு வாரம் ஆயிற்று. பொய் அகப்படவில்லை. முதல் தடவை என் கண்ணுக்கு எதிரே நின்றுகொண்டிருந்த வாக்கியங்கள், நான் கவனிக்காமல் தாண்டி ஓடியவை, ஒவ்வொன்றாக என்னைப் பார்த்துச் சிரித்தன. ஒரு நாற்காலி நகர்ந்திருக்கும், கவனித்துப் படி. மணி எத்தனை என்று எங்கெல்லாம் வருகிறதோ அங்கெல்லாம் நின்று படி. இதற்குமேல் ஒன்றும் சொல்லமாட்டேன். தோல்வியை ஒப்புக்கொள்ள அப்பாவிடம் போனேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்:

"அட்ரஸ் எல்லாம் சரியாத்தான் எழுதியிருக்கா. நீதான் மாத்திப் போட்டுட்ட."

சார்ட்டர் பேச்சு. எனக்குக் கிடைத்த இலக்கிய விமர்சனப் பாடம் அது ஒன்றுதான். பிற்பாடு தமிழிலும் இங்கிலீஷிலும் எவ்வளவோ துப்பறியும் கதை படித்திருக்கிறேன். ஒவ்வொன்றையும் முடித்ததும், நான் மாற்றிப் போட்டேனா, இவர் முகவரியைத் தப்பாக எழுதினாரா என்றுதான் பார்ப்பேன். பாதிக்கு மேல் தப்பு முகவரிதான்.

அந்த மே மாதக் கடைசியில், 30-ஆம் தேதி, மூர் மார்க்கெட் எரிந்துபோயிற்று. அப்பா மறுநாள் வந்தார். வழக்கமாக நேரே குளிக்கப் போகிறவர், திண்ணையில் உட்கார்ந்தார். "மார்க்கெட் போச்சு" என்றார். அப்புறம், "அந்த புக் எங்க?" என்று கேட்டார். கொண்டுபோய்க் கொடுத்தேன். முதல் தாளைத் திருப்பி, மேல் மூலையில் கடைக்காரர் பென்சிலில் போட்டிருந்த விலையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். 4 ரூபாய். ஆயா எட்டிப் பார்த்துவிட்டாள். அவளிடம் ஒண்ணரை ரூபாய் என்று சொல்லியிருக்கிறார் போலிருக்கிறது. வேறொரு நாளாக இருந்தால் ஒரு பாட்டம் நடந்திருக்கும். அன்றைக்கு அவள் ஒன்றும் கேட்காமல் உள்ளே போய்க் காபி போட்டாள். இப்போது நாம் லோக்கலில் போய் இறங்குகிறோமே, மூர் மார்க்கெட் காம்ப்ளெக்ஸ் என்று போட்டிருக்குமே, அந்த இடம்தான்.

அன்று சாயங்காலம் அவரே சொன்னார், "ரெண்டு தடவை படிச்சாச்சில்ல, இப்ப பிரிச்சுப் பாரு." இட்லிப் பானை அடுப்பில் இருந்தது. பக்கத்தை ஆவியில் எப்படிக் காட்ட வேண்டும், எவ்வளவு நேரம், எழுத்து கலையாமல் பட்டையை எந்த மூலையிலிருந்து உரிக்க வேண்டும் என்று பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுத்தார். "மத்தவங்க லெட்டர்ல இதைப் பண்ணா வேலை போயிடும், ஜெயில்தான்" என்று எச்சரிக்கையும் செய்தார். இவ்வளவு நேர்த்தியாக உங்களுக்கு எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை.

பட்டை உரிந்தது. அடியில், ஊதாக் காப்பிப் பென்சிலில், அழகான இங்கிலீஷ் கையெழுத்தில், இன்னார்தான் கொலைகாரன் என்று ஒரு பேர். கீழே இரண்டு கோடு.

தப்பான பேர்.

புத்தகத்தை முன்னால் வைத்திருந்த எவனோ பாதியில் கண்டுபிடித்துவிட்ட மிதப்பில், அடுத்துப் படிக்கிறவன் கதையைக் கெடுக்கலாம் என்று எழுதியிருக்கிறான். ஓரத்திலும் அதே பேர், அதே இரண்டு கோடு. அதற்கப்புறம் முழுசாகப் படித்தானா என்பது அவனுக்கே வெளிச்சம். நான் அப்பாவைப் பார்த்தேன். "தப்பான பேரை எதுக்குப்பா மறைச்சீங்க?"

"ஒட்டும்போது அது தப்புன்னு எனக்கு எப்படித் தெரியும்? நானே அப்பத்தான வாங்கிட்டு வந்தேன். பேரைப் பாத்துட்டேன், சரி, நம்ம கதி அவ்வளவுதான், அடுத்து படிக்கிறவங்களாவது தப்பிக்கட்டும்னு ஒட்டினேன். அந்த ஆள்தான் கொலைகாரன்னு வெச்சுக்கிட்டே கடைசி வரைக்கும் படிச்சேன். கடைசில பாத்தா..."

மேலே சொல்ல முடியாமல் சிரிக்க ஆரம்பித்தார். அப்பா அப்படிச் சிரித்து நான் அதற்கு முன் பார்த்ததே இல்லை. கண்ணில் தண்ணீர் வந்து, துண்டால் துடைத்துக்கொண்டு, மறுபடி சிரித்தார். ஆயா இட்லித் தட்டோடு நின்று எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு புதிதாக ஒரு ஸ்டாம்பு ஓரத்தை வெட்டி, நாக்கில் தொட்டு, அதே இடத்தில் திரும்ப ஒட்டினார். நீ பார்க்கப்போவது அந்த இரண்டாவது ஒட்டுதான். பிரித்தால் உனக்குச் சந்தேகப்பட ஒரு ஆள் குறைந்துவிடும், அதனால் பிரிக்காதே.

பிற்பாடு இந்தப் புத்தகத்தைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் தேடிப் படித்தேன். வெளிவந்தது 1926 ஜூனில். அதே வருஷம் டிசம்பர் 3-ஆம் தேதி ராத்திரி கிறிஸ்டியே காணாமல் போய்விட்டார். கார் மட்டும் அனாதையாக நின்றது. ஊரே தேடி, 11 நாள் கழித்து ஹாரோகேட் ஊரில் ஒரு ஓட்டலில் கண்டுபிடித்தார்கள். அங்கே அவர் கொடுத்திருந்த பேர், கணவரோடு தொடர்பு இருந்த பெண்ணின் குடும்பப் பேர். இதைச் சொன்னபோது அப்பா ரொம்ப நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "பாவம்" என்றார். எட்மண்ட் வில்சன் என்ற அமெரிக்க விமர்சகர் 1945-ல், ரோஜர் அக்ராய்டை யார் கொன்றால் யாருக்கென்ன என்கிற தலைப்பில் துப்பறியும் கதைகளையே போட்டுச் சாத்தினார். பியேர் பயார் என்கிற பிரெஞ்சுப் பேராசிரியர் 1998-ல் ஒரு முழுப் புத்தகம் எழுதி, சுரைக்காய்க்காரர் பிடித்தது தப்பான ஆளை, உண்மைக் கொலையாளி வேறு என்று வாதாடினார். ஊதாப் பென்சில்காரனுக்கு அவர் தூரத்துச் சொந்தமாக இருக்கலாம். இதையெல்லாம் நீ முடித்த பிறகு தேடு, இப்போது வேண்டாம்.

குறையே இல்லாத புத்தகம் என்று சொல்லமாட்டேன். நடுவில் ஒரு முப்பது பக்கம் இழுக்கும். பெரிய வீட்டு ஆட்கள் வேலைக்காரர்களைப் பற்றிப் பேசுகிற தோரணை உனக்கு எரிச்சல் மூட்டும், எனக்கும் மூட்டியது. ஆனால் அந்த எரிச்சலிலும் கண்ணை எடுக்காதே. அவர் எதையும் சும்மா எழுதுவதில்லை.

தாத்தா 1996-ல் ரிட்டயர் ஆனார். அப்புறம் கண்ணில் புரை விழுந்து, ஆபரேஷனுக்குப் பிறகும் பொடி எழுத்து படிக்க முடியவில்லை. நான் வரும்போதெல்லாம் வாசிக்கச் சொல்வார். முழுசாக இல்லை, 16-ஆவது அத்தியாயம் மட்டும். நாலு பேர் உட்கார்ந்து மாஜாங் ஆடிக்கொண்டே ஊர் வம்பையெல்லாம் அளப்பார்கள். கட்டை வைப்பதும் வம்பு பேசுவதுமாக மாறி மாறி ஓடும். நான் ஒவ்வொரு வரியாக இங்கிலீஷில் வாசித்துத் தமிழில் சொல்வேன். ஆயா நிலைப்படியில் சாய்ந்துகொண்டு கேட்பாள். ஒருநாள், "இது நம்ம தாயக்கட்டம் ஆடற மாதிரியில்ல இருக்கு" என்றாள். "நீதான் அதுல கரோலின்" என்று அப்பா சொல்லிவிட்டார். இருபது வருஷம் கழித்து ஆயாவுக்கு அன்றைக்குத்தான் உண்மை தெரிந்தது. நம்பினாளா என்று கேட்காதே.

அவர் 2011-ல் போனார். அதற்கு இரண்டு வருஷம் கழித்து, இங்கிலாந்தில் குற்றக் கதை எழுதுகிறவர்களின் சங்கத்தார் ஓட்டுப் போட்டு, இதுவரை வந்த துப்பறியும் நாவல்களிலேயே சிறந்தது இதுதான் என்று தேர்ந்தெடுத்தார்கள். பேப்பரில் படித்ததும் சட்டென்று அவர் அறைப் பக்கம் திரும்பிவிட்டேன். இருந்திருந்தால், "இதுக்கு ஓட்டு வேறயா" என்றிருப்பார்.

சரி, அடுப்பில் பால் வைத்திருக்கிறேன். நீ படித்து முடித்ததும் உடனே கூப்பிடு. ராத்திரி இரண்டு மணியானாலும் பரவாயில்லை, போனைப் பக்கத்தில்தான் வைத்துக்கொண்டு தூங்குகிறேன். நான் இரண்டு நாள் காத்திருந்தேன், நீ காத்திருக்க வேண்டாம். நடுவிலும் கூப்பிடு. யார் மேல சந்தேகம் என்று கேட்பேன், நீ சொன்னதும் "ம்" என்பேன்.

அன்புடன்,
அம்மா

பி.கு.: வெந்தயக்களிக்கு மாவு திரித்து வைத்திருக்கிறேன், அடுத்த முறை வரும்போது எடுத்துப் போ. புத்தகத்தைத் திருப்பி அனுப்பும்போது பிளாஸ்டிக் கவரில் சுற்றி, தபாலில் அனுப்பு. பின்கோடு 631001.